விழித்தது முதல் படுத்தது வரை

ஒன்றிய விசாரணைத் துறையில் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பொன்னாடை, சந்தன மாலை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அவர்களுடைய நினைவுகளையும் திருப்பிக் கொடுப்பார்கள். கடிகாரம் மேடையிலேயே கிடைத்துவிடும். நினைவுகளைக் கீழ்த்தளத்துக் காப்பறையில் போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கண்காணிப்பாளர் சுகிர்தா முப்பத்தோரு வருட சர்வீசை முடித்த மறுநாள் காலை பத்து மணிக்குக் காப்பறைக்குப் போனாள். பொறுப்பாளர் ரவூப் இருபது வருடமாக அதே மேசையில் உட்கார்ந்திருப்பவர். அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"வாங்க மேடம். மத்தவங்களுக்கெல்லாம் ஒரு டிபன் பாக்ஸ்ல அடங்கிடும். உங்களுக்குத் தனி பீரோவே வச்சிருக்கேன்."

பீரோவைத் திறந்தார். கட்டைவிரல் அளவுக் கண்ணாடிச் சிமிழ்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அரக்கு முத்திரை, வழக்கு எண் எழுதிய சீட்டு. மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. ஆரம்ப வருடங்களின் சிலவற்றைத் தவிர ஒவ்வொன்றிலும் சுகிர்தாவின் வாழ்க்கையில் ஒரு முழு நாள் இருந்தது. சீட்டில் இருப்பதைத் தவிர அந்த நாட்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

இந்த ஏற்பாடு வந்ததற்கு வக்கீல்கள்தான் காரணம். ஒரு நினைவை எடுத்து எடுத்துப் பார்க்கப் பார்க்க அது கொஞ்சம் கொஞ்சமாக மாறும். சோதனைக்குப் போன அதிகாரி மூன்று வருடம் கழித்துக் கூண்டில் ஏறிச் சொல்வது பாதி பார்த்தது, பாதி தானாகச் சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதிகாரிகளைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதனால் சட்டம் வந்தது. சோதனை முடிந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அந்த நேரத்து நினைவை ஆய்வகத்தில் எடுத்து, சிமிழில் அடைத்து, சீல் வைத்துவிட வேண்டும். பிரதி எடுப்பதில்லை, அசலையே எடுப்பார்கள். தலைக்குள் ஒன்றும் சிமிழுக்குள் ஒன்றும் இருந்தால் எது உண்மை என்று மறுபடி வழக்காடுவார்களே! தேவைப்பட்ட பகுதியை மட்டும் நீதிமன்றத்தில் திரையில் போட்டுக் காட்டுவார்கள். அதிகாரியின் கண் பார்த்ததும் காது கேட்டதும் வரும். மனதில் நினைத்தது வராது.

எங்கிருந்து எங்கே வரை எடுப்பது என்பது அதிகாரியின் விருப்பம். எல்லோரும் சோதனை நடந்த இடத்துக்குள் நுழைந்ததிலிருந்து மகஜரில் கையெழுத்தாகிற வரை கொடுப்பார்கள். என்ன பொருள் எங்கே கிடைத்தது என்று சாட்சிகள் முன் எழுதுகிற பட்டியல்தான் மகஜர். இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. சுகிர்தாவும் முதலில் அப்படித்தான் கொடுத்தாள். நாலாவது வருடம், பிள்ளைகளைக் கடத்தி விற்ற கூட்டம் ஒன்றைப் பிடித்தாள். "ஜீப்பிலிருந்து இறங்கியதற்கும் வீட்டுக்குள் நுழைந்ததற்கும் நடுவே பதினோரு நிமிடம் என்ன செய்தீர்கள்?" என்று வக்கீல் கேட்டார். சிமிழில் அந்தப் பதினோரு நிமிடம் இல்லை. நாலு பேரும் விடுதலை. அதில் ஒருவன் வெளியே போகும்போது அவளுக்குக் கைகூப்பி வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

சூடு கண்ட பூனை அடுப்பை நாடாது. அன்றிலிருந்து சுகிர்தா ஒவ்வொரு சோதனைக்கும் விழித்தது முதல் படுத்தது வரை முழு நாளையும் எழுதிக் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு அவள் கொண்டுபோன ஒரு வழக்கும் இடைவெளியால் தோற்கவில்லை. அவள் பெயரைச் சொல்லிப் பயிற்சி வகுப்பில் பாடம் நடத்தினார்கள்.

எத்தனை மணி நேரம் கொடுத்தோம் என்பதை வழக்கு முற்றிலும் முடிகிற வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியப் பிரமாணம் உண்டு. கட்டின கணவனிடம்கூடச் சொல்லக் கூடாது. சுகிர்தா சொல்லவில்லை. அதனால் அவள் கணவர் டேவிட்சன், "இவளுக்கு ஆபீஸ் விஷயம் தவிர எதுவும் மண்டையில நிக்காது" என்று சாகிற வரை சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் போய் ஏழு வருடமாகிறது.

முதல் சிமிழாக எதை எடுப்பது என்று ரவூப் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள். பக்கத்து அறையில் சாய்நாற்காலி இருந்தது. அரைமணி நேரத்தில் அந்த நினைவைத் தலைக்குள் போட்டு முடித்தார்கள். துறைமுகத்தில் ஒரு சோதனை, கொள்கலன்கள், டீசல் வாடை. அதற்கு முன்னால் வீடு. டேவிட்சன் லுங்கியோடு நின்று ஆப்பத்தைக் கருக்கிக்கொண்டிருக்கிறார். "ஓரத்தை மட்டும் தின்னு, நடுவுல சரியா வரல" என்கிறார். அவள் நின்றபடியே தின்கிறாள். சாயங்காலம் சீக்கிரம் வரச் சொல்கிறார். அவ்வளவுதான். சுகிர்தா நாற்காலியில் இருந்தபடியே விம்மி விம்மி அழுதாள். ரவூப் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"இப்படி இன்னும் இருநூத்துப் பன்னெண்டு இருக்கு மேடம்," என்றார் திரும்பி வந்து. "ஒரேயடியா வேணாம். வாரத்துக்கு ரெண்டு எடுத்துக்கலாம்."

"மாதவரம் குடோன் கேஸ்," என்றாள் சுகிர்தா. "அத எடுக்கலாமா?"

ரவூப் கணினியில் பார்த்தார். "போன மாசம்தான் கடைசி அப்பீலும் தள்ளுபடி. தாராளமா எடுத்துக்கலாம். ஆனா தலைக்குள்ள போயிட்டா அது உங்க சொந்த ஞாபகம். அப்புறம் கோர்ட்டு அதச் சாட்சியமா ஏத்துக்காது. மூணு வருசத்துக்குள்ள நீங்க எடுக்கலன்னா நாங்க அழிச்சிடணும். அதான் ரூல்."

அந்த நாளைத்தான் அவள் பதினெட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

புற்றுநோய் ஊசி மருந்து என்று சொல்லி வெறும் உப்புத் தண்ணீரை விற்றார்கள். பதினொரு நோயாளிகள் செத்தார்கள். ஒரு வருடம் அலைந்து, மாதவரத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் சுகிர்தா சரக்கைக் கண்டுபிடித்தாள். ஸ்டோர் கீப்பர் ஆவுடையப்பனின் இரும்பு பீரோவில் நாற்பத்தெட்டு குப்பிகள் இருந்தன. அவருக்கு ஆயுள் தண்டனை. "பூட்டு மட்டுந்தான்யா என்னுது, உள்ள யாரு வச்சான்னு எனக்குத் தெரியாது" என்று அவர் கூண்டில் நின்று அழுதார். எல்லாக் குற்றவாளியும் சொல்வதுதானே என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனைக்கு மறுநாள், ஆய்வகத்தில் நாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது பதினாலு வயதான மகள் அபிஷா வந்து பக்கத்தில் நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது அடுத்த நாள் அல்லவா?

"அம்மா, நேத்து காலையில எங்கிட்ட சொன்னது ஞாபகம் இருக்கா?"

சத்தியப் பிரமாணம். "இல்லியே மக்ளே."

"ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?"

"ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீ போய்ப் படி."

பிள்ளை போய்ப் படித்தாள். அதோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஹாஸ்டல், கல்லூரி, பிறகு நாகர்கோவிலில் கணக்கு டீச்சர் வேலை. கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். மூன்று நிமிடம் பேசுவாள். அன்று காலை தான் என்ன சொல்லி அந்தக் குழந்தையைக் காயப்படுத்தினோம் என்று சுகிர்தா யோசிக்காத நாளில்லை. திட்டினேனா, அடித்தேனா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சிமிழைத் தொடுவதற்கு முன்னால் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. காப்பறை வாசலில் நின்றே போன் செய்தாள்.

"கேஸ் முடிஞ்சாச்சு. இனி சொல்லலாம். அன்னைக்கு முழு நாளையும் நான் குடுத்திட்டேன் மக்ளே. விடியக்காலையில இருந்து. ஒங்கிட்ட என்ன சொன்னேன்னு எனக்கு நெசமாவே தெரியாது. இப்ப அத எடுக்கப் போறேன். எடுத்துட்டு ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"அத எடுக்காத," என்றாள் அபிஷா. "நான் வாறேன். வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் எடுத்திராத."

மறுநாள் காலை ரயிலில் வந்திறங்கினாள். காபியைக்கூட வாங்கிக் குடிக்காமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் முழுக்க எப்படிம்மா இல்லாமப் போவும்? சோதனை நடந்த நேரத்த மட்டும்தான எடுப்பாங்க?"

சுகிர்தா பதினோரு நிமிடக் கதையைச் சொன்னாள். அபிஷா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

"நீ நடிக்கேன்னு நினைச்சேன். இத்தனை வருசமும்."

"என்ன நடந்துச்சு மக்ளே?"

"ஒனக்குப் போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டுட்டு தலை சீவிக்கிட்டு இருந்த. ஒரு ஆள் சொன்னான். இரும்பு பீரோ, ரெண்டாவது தட்டு, நீலப் போர்வைக்கு அடியில, நாப்பத்தெட்டு குப்பின்னு. நீ என்னக் கூப்பிட்டு எழுதச் சொன்ன."

"என்ன எழுதச் சொன்னேன்?"

"மகஜரு."

சுகிர்தாவுக்கு அது ஒன்றும் அதிர்ச்சி இல்லை. மகஜரை முன்கூட்டியே வரைவாக எழுதி எடுத்துப்போவது துறையில் எல்லோரும் செய்வதுதான். சாட்சிக்குக் கூட்டி வருகிற அரசு ஊழியர்கள் ஆறு மணிக்கு மேல் நிற்க மாட்டார்கள். இடத்தின் பெயர், ஆளின் பெயர் எல்லாம் எழுதி, எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வைத்தால் சட்டென்று முடியும். அவளுடைய எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். அலுவலக எழுத்தருக்குப் புரியாது. மகளின் எழுத்து மணி மணியாக இருக்கும். எழுத்தர் அதைப் பார்த்து அங்கேயே எழுதிவிட்டு வரைவைக் கிழித்துப் போடுவார்.

ஆனால் எண்ணிக்கைக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

"நாப்பத்தெட்டுன்னு எழுதினியா? ரெண்டாவது தட்டுன்னு?"

"எழுதினேன். மறுநாள் டிவியில, அதிகாரிகள் மூணு மணி நேரம் தேடி நாப்பத்தெட்டு குப்பி கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னான். நான் காலையில ஏழு மணிக்கே எழுதிட்டேனே அம்மா! அதக் கேக்கத்தான் ஒங்கிட்ட வந்தேன். ஒண்ணும் ஞாபகம் இல்ல, போய்ப் படின்னா பின்ன எனக்கு என்ன அர்த்தம்? வாய மூடிக்கோன்னு சொல்லுதன்னு நினைச்சேன். மூடிக்கிட்டேன்."

பூட்டின பீரோவுக்குள் எந்தத் தட்டில் எத்தனை இருக்கிறது என்று வெளியே இருக்கிறவனுக்குத் தெரிய ஒரே வழிதான் உண்டு. முப்பத்தோரு வருடம் விசாரித்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வழக்கு நடந்தபோது வக்கீல் இதையேதான் கேட்டார்: "பொருள் இருக்கும் இடத்தை யாராவது உங்களுக்கு முன்பே சொன்னார்களா?" சுகிர்தா தலையை நிமிர்த்தி, "இல்லை" என்றாள். மனசாரச் சொன்னாள். அவளுடைய நேர்மையைப் பாராட்டித் தீர்ப்பில் ஒரு பத்தியே எழுதியிருந்தார்கள். சிமிழில் பிற்பகல் மூன்று மணியிலிருந்துதான் திரையில் போட்டார்கள். அதற்கு முன்னால் இன்னும் ஒன்பது மணி நேரம் உள்ளே கிடப்பது எதிர்த்தரப்புக்குத் தெரியாது.

"ஒனக்கு அப்ப பதினாலு வயசு," என்றாள் மெதுவாக. "பதினெட்டு வருசமா மனசுக்குள்ள போட்டுப் புரட்டியிருக்க. எவ்வளவோ மாறியிருக்கும் மக்ளே."

"நான் பொய் சொல்லுதேனா?"

"பொய்யின்னு சொல்லல. ஞாபகம் அப்படித்தான்னு சொல்லுதேன். நான் எடுத்துப் பாத்துக்கிடுதேன். பாத்துட்டு உண்மைன்னா நானே கோர்ட்டுல போய்ச் சொல்லுவேன்."

"எடுத்துட்டா அப்புறம் அது ஒன் வாய் வார்த்தைதான? யாரு நம்புவா? அந்த ஆளு ஜெயில்ல கெடந்து சாவாரு. நீ மட்டும் தெரிஞ்சுக்கிட்டு இருப்ப."

சரியாகத்தான் சொன்னாள், கணக்கு டீச்சர். தெரிந்துகொள்ள வேண்டுமானால் சாட்சியத்தை அழிக்க வேண்டும். சாட்சியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அதை நீதிமன்றத்திடம் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு மகளின் வாய் வார்த்தையை நம்ப வேண்டும். வாய் வார்த்தையை நம்பாமல் இருப்பதுதான் சுகிர்தாவின் தொழிலே. பெற்ற மகள் ஒரு மணி நேரமாக அழுதுகொண்டிருக்கிறாள், தான் அவளைச் சாட்சியைப் போலக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"குளிச்சுட்டு வா," என்றாள். "ரவூப் பாய் பத்து மணிக்கு வந்திருவாரு."

ரவூப் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "கோர்ட்டுல ஒருதடவை திறந்துட்டா திரும்பத் தலைக்குள்ள போகாது மேடம். அந்த நாள் உங்களுக்குக் கெடையவே கெடையாது. அதோட இது உங்களையே கொண்டுபோய் மாட்டி விடும். பென்ஷன் நிக்கும், கேஸ் வரும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாமக் கையெழுத்துப் போடுறீங்க."

"மடியில கனம் இருக்கான்னு பாக்கத்தான் பாய் போடுறேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மனு, பதில் மனு, துறையின் ஆட்சேபணை எல்லாம் முடிய நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் சுகிர்தா தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டாள். தகவல் சொன்னவன் ஒரு திருட்டுப் பயல், அவன் எங்கேயோ ஒளிந்திருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறான் என்று நம்பி ஏமாந்திருக்கிறோம். யானைக்கும் அடி சறுக்கும். அவசரத்தில் யோசிக்காமல் விட்டது பெரிய தப்புதான், ஆனால் தப்பு வேறு, பாவம் வேறு. இப்படிச் சொல்லிக்கொண்டால்தான் சாப்பாடு இறங்கியது.

சிறப்பு அமர்வில் கூட்டம் அதிகமில்லை. ஆவுடையப்பனைக் கூட்டி வந்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தலை முழுக்க வெள்ளை. சுகிர்தா மகளோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். நீதிபதி சீல் உடைக்கச் சொன்னார். திரையில் அவளுடைய பழைய சமையலறை வந்தது.

பார்ப்பது அவள் கண் என்பதால் அவள் முகம் எங்கும் இல்லை. அபிஷாவின் முகம்தான் இருந்தது. இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை, கன்னத்தில் பவுடர் திட்டு. மகள் எழுதும்போது நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்வாள் என்பதே சுகிர்தாவுக்கு மறந்து போயிருந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் பேசியது. பீரோ, தட்டு, போர்வை, நாற்பத்தெட்டு. அபிஷா சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. பிறகு சுகிர்தாவின் குரல் மகஜரைச் சொல்லச் சொல்ல, அந்தச் சின்ன விரல்கள் எழுதின. பாதியில் விரல்கள் நின்றன. திரையில் குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, நீ இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள நாப்பத்தெட்டுன்னு எப்படித் தெரியும்?"

சுகிர்தாவின் குரல் சிரித்தது. நல்ல மனநிலையில் இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

"வச்சவனே எண்ணிச் சொல்லுதான், பின்ன தப்பாவா இருக்கும்? நீ எழுது மக்ளே, நேரமாச்சு."

சொன்னவன்தான் வைத்தவன் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏமாறவே இல்லை. ஒரு வருடம் அலைந்த அலுப்பா, பதினொரு பேர் செத்த வழக்கில் யாராவது ஒருவன் சிக்கினால் போதும் என்ற வெறியா, பீரோவின் சொந்தக்காரனும் இவர்களில் ஒருவனாகத்தான் இருப்பான் என்ற நினைப்பா, எது அவளை அப்படிச் சொல்ல வைத்தது? திரை அதைக் காட்டாது. அந்தக் காலையில் அவள் என்ன நினைத்தாள் என்பதை இனி அவளாலும் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்தே செய்துவிட்டு, மறுநாளே அந்தப் பாவத்தைச் சிமிழில் அடைத்துக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வருடம் நேர்மையான அதிகாரியாகத் தூங்கியிருக்கிறாள்.

பிற்பகலில் ஆவுடையப்பனை விடுவிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சுகிர்தா மீது வழக்குப் பதியவும் அதே உத்தரவில் சொல்லியிருந்தது.

வராந்தாவில் ஆவுடையப்பன் தன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அபிஷாவைப் பார்த்ததும் நின்றார். திரையில் பார்த்த முகம்.

"எழுதின பிள்ளை நீதானே?"

அபிஷா தலையை ஆட்டினாள்.

"பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்னம்மா தெரியும். நீ அழாத," என்றார். பக்கத்தில் நின்ற சுகிர்தாவை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே நடந்து போனார். அது தனக்குச் சரியான தண்டனைதான் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது.

வராந்தாவின் அந்தக் கோடியில் அவளிடம் வேலை பழகிய அதிகாரி ஒருவன் சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டே வரத் தயங்கி நின்றான். வரட்டும் என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அபிஷாவும் ஒட்டி உட்கார்ந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"அந்தக் கேள்விய நீ கேட்டதையும், நான் பதில் சொன்னதையும் எங்கிட்ட சொல்லவே இல்லியே மக்ளே," என்றாள் சுகிர்தா. "மறந்துட்டியா?"

"அது ஒண்ணுதான் எனக்கு மறக்கவே இல்ல."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தச் சிமிழ நீ குடுத்திருப்பியாம்மா?"

ஆம் என்று சொல்ல வாயெடுத்த சுகிர்தா அதை விழுங்கிக்கொண்டாள்.

"குடுத்திருக்க மாட்டேன்," என்றாள்.

அபிஷா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள். "அதான் சொல்லல."